வெளியே சம்பாதித்து ஊர் திரும்பி வீட்டைக் கட்டியவர்கள், மாற்றியவர்கள், உங்கள் அனுபவம்?

மண்வாசம்:
16 வருடம் கழித்துத் திரும்பினேன். வந்த வேகத்தில் பழைய மண்சுவருக்கு இரண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சு போட்டுவிட்டேன். சுண்ணாம்பே போதும் என்று கொத்தனார் சொன்னார், நான் கேட்கவில்லை. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் இடுப்பு உயரத்தில் ஒரு வீக்கம். பூச்சைப் பெயர்த்து விரல் வைத்தேன். மூன்று விரலும் உள்ளே போயின. தாத்தா எழுப்பிய சுவர், சேறாகக் கையோடு வந்தது.

தூரத்துக்காரன்:
சிமெண்டைக் குறை சொல்லாதீர்கள், அவசரத்தைச் சொல்லுங்கள். நான் பணம் அனுப்பிக் கட்டியவன். கூரை போட்டதும் காசு தீர்ந்தது, மாடிக்கென்று தூண் கம்பிகளை நீட்டி விட்டோம். 9 வருடம் கழித்து வந்து மேலே ஏறினால், கம்பி துருவேறி வீங்கித் தூண் தலைகள் பிளந்திருந்தன. மழை படாமலிருக்க அப்பா ஒவ்வொரு கம்பிக்கும் பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்து வைத்திருந்தார். போனில் நான் ஒரு தடவைகூட மாடியைப் பற்றிக் கேட்டதில்லை.

செங்கல்:
என் கதை சின்னது. கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்தேன், அம்மா கோடை முழுக்கப் பழைய ஓட்டுச் சாய்ப்பில்தான் படுக்கிறார். சரி, மண்வாசத்துக்கு: மற்ற சுவர்களிலும் பூச்சை எடுத்துவிடுங்கள், வெளிப்பக்கம் முதலில். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியே அது ஆவியாகிவிடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். உடனே திரும்பப் பூசாதீர்கள், சில மாதம் காயட்டும். வெளித்தரை வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம், கூரை விளிம்பு சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்க வேண்டும். தூரத்துக்காரரே, நீங்கள் தூண்களை ஒரு பொறியாளரிடம் காட்டாமல் மேலே ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

நெடுவழி:
அவசரம் என்பதை நான் ஏற்கவில்லை. 11 வருடம் ஒரே அறையில் எட்டுப் பேராகப் படுத்தவன் நான். கட்டும்போது ஆளுக்கு ஓர் அறை வேண்டும் என்றுதான் தோன்றியது. கியூபாவில் சம்பாதித்து ஸ்பெயினின் அஸ்டூரியாஸுக்குத் திரும்பியவர்கள் போய் வந்த நாட்டின் அடையாளமாக வீட்டு முன்னால் பனை வகைகளை நட்டார்களாம். எனக்கு அது புரிகிறது. ஐந்து அறை கட்டினேன், நான்கு பூட்டிக் கிடக்கின்றன. போன வாரம் ஒன்றைத் திறந்தேன். மெத்தைமேல் சுற்றிய பாலித்தீன்கூட இன்னும் பிரிக்கவில்லை.

மண்வாசம்:
செங்கல், போய் அளந்து பார்த்தேன். வெளித்தரை அரை அடி உயரம். வண்டி ஏற வசதியாக நான்தான் உயர்த்தினேன். நாளை உடைக்க ஆள் வருகிறார். அதே கொத்தனார்தான்.