வர்ணம் பூசிய வாகனத்துக்கு இலுப்பெண்ணெய் தேய்க்கலாமா?

நெடுங்கேணியான்:
எங்கள் ஊர் ஐயனார் கோயில் மரக்குதிரை வாகனம் சண்டைக்குத் தப்பி நிற்கிறது. கழுத்துப் பக்கம் பழைய சிவப்பு செதில் செதிலாகக் கிளம்புகிறது. இலுப்பெண்ணெய் தேய்த்தால் மினுங்கும், பூச்சியும் அண்டாது என்கிறேன். சபையில் சிலர் மறிக்கிறார்கள். முன்னோர் செய்யாததையா சொல்கிறேன்?

வவுனியாத் தச்சன்:
அண்ணை, வெறும் மரத்துக்கு என்றால் சரி. கதவு நிலைகளுக்கு நானும் பூசுவேன். வர்ணத்துக்கு மேல் வேண்டாம். இலுப்பெண்ணெய் காயவே காயாது. செம்மண் புழுதியும் கற்பூரக் கரியும் ஒட்டிப் பிசுக்கேறும். அதைத் துடைக்கப் போனால் வர்ணமும் கூட வரும்.

பரந்தன் பெடியன்:
எதுக்கு இவ்வளவு கதை? ஹாட்வெயாரில் பொலியூரித்தேன் வார்னிஷ் வாங்கி இரண்டு கோட் அடியுங்கோ. வெயில் மழை எதுவும் தொடாது.

நெடுங்கேணியான்:
பிளாஸ்டிக்கை ஐயனார் குதிரைக்குப் பூச நான் விடமாட்டேன், தம்பி. பழைய ஆட்கள் எண்ணெய்தானே பூசினார்கள்?

முல்லைக்காரி:
பூசினார்கள் அண்ணை, ஆனால் காயும் எண்ணெயாகப் பார்த்து. ஆப்கானிஸ்தானின் பாமியன் குகைகளில் 7ஆம் நூற்றாண்டிலேயே அப்படியான எண்ணெயில் வர்ணம் குழைத்திருக்கிறார்கள். அது காற்றின் ஒட்சிசனைப் பிடித்து இறுகித் தோலாகிவிடும்.

கண்டிக்கால விகாரை ஓவியங்களுக்கு தொரண மரத்து எண்ணெயோடு ஹல் மரத்துப் பிசின் சேர்த்த வார்னிஷ்.

ரோமர் முறைதான் எனக்கு நிரம்பப் பிடித்தது. சாதிலிங்கச் சிவப்பு வெயிலில் கறுத்துப்போகும் என்பதால், சுவர் காய்ந்த பிறகு வெண்மெழுகை உருக்கி, கொஞ்சம் எண்ணெய் கலந்து தூரிகையால் பூசுவார்களாம். பிறகு கரி நெருப்பை அருகே பிடித்துச் சுவர் வேர்க்கும்வரை சூடு காட்டி, மெழுகுதிரியாலும் சுத்தமான துணியாலும் தேய்ப்பார்களாம். அந்தக்கால ரோமக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்திருக்கிறார்.

பரந்தன் பெடியன்:
அப்ப பொலியூரித்தேனும் இறுகுகிறதுதானே அக்கா?

முல்லைக்காரி:
இறுகும், ஆனால் பிறகு கழற்ற முடியாது. கிளம்பிய செதிலுக்கு மேல் அடித்தால் சிவப்பையும் இழுத்துக்கொண்டு உரியும். முதலில் செதிலைப் படியவைத்து ஒட்ட வேண்டும். அது பழக்கப்பட்ட கை செய்யும் வேலை.

நெடுங்கேணியான்:
ஒட்டுவதற்குச் சபையில் கேட்கிறேன். வர்ணம் இல்லாத அடிச்சட்டத்துக்கு இலுப்பெண்ணெய்தான், அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். சிவப்புக்கு ஆளிவிதை எண்ணெய் பார்க்கலாமோ?

வவுனியாத் தச்சன்:
அது காயும், ஆனால் வருசம் போகப் போக மஞ்சளிக்கும். எதற்காவது வாங்கினால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடவேண்டாம் அண்ணை. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கோ.