கியூ கையில், யு எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை மதினியோடு ஸ்க்ராபிள் ஆடினேன், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் கோக்கிற ஆட்டம். பையில் மிச்சமிருந்த கடைசிக் கட்டையை எடுத்தால் கியூ. பத்துப் புள்ளியாயிற்றே என்று வாயெல்லாம் பல். அப்புறம் பலகையைப் பார்த்தேன். மொத்தம் இருப்பதே நான்கு யு, நான்கும் ஏற்கெனவே இறங்கிவிட்டன. கியூ வந்தால் பின்னாடியே யு வரும் என்று சின்ன வகுப்பில் ஏற்றிவிட்டது மண்டையை விட்டுப் போகுமா? கட்டையை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மதினி தன் கட்டைகளை முடித்துவிட்டார். கையில் கியூ மிஞ்சியதால் என் கணக்கில் பத்துக் கழிந்தது, அதே பத்து அவர் கணக்கில் ஏறியது. ஆறு புள்ளியில் தோல்வி.

ஆட்டம் கலைந்ததும் அவர் தரையில் ஐந்து கட்டைகளை அடுக்கினார்: எஃப், ஏ, கியூ, ஐ, ஆர். "படிங்க பார்ப்போம்." நான் தடுமாறினேன். "நம்ம பக்கிரிதான்!" என்று சிரித்தார். அட, ஆமாம்! தலாக், நிகாப் என்று தினமும் செய்தியில் பார்க்கிற சொற்களும் கியூவில்தான் முடிகின்றன அல்லது கியூவை நடுவில் வைத்திருக்கின்றன, யு கிடையாது. கியூவும் ஐயும் மட்டும் சேர்ந்தாலே ஒரு சொல்லாம், சீன மரபில் உடலில் ஓடும் உயிராற்றல். எனக்கு அன்றைக்கு அது போதும், பக்கத்தில் ஒரு ஐ திறந்துதான் கிடந்தது.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ஆல்ஃபிரட் பட்ஸ், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த நியூயார்க் கட்டடக் கலைஞர். செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். 100 கட்டைகளில் ஈ மட்டும் 12, கியூ ஒன்றே ஒன்று. எஸ் நான்குதான், நிறையக் கொடுத்தால் எல்லாச் சொல்லின் வாலிலும் ஒட்டிவிடுவோமே. இட்லியும் தோசையும்கூடச் செல்லும், இரண்டுக்கும் சரியாக ஐந்தைந்து புள்ளி. அந்தச் சண்டையை இங்கேயும் தீர்த்துவைக்க மாட்டார்கள் போல.

சரி, உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்கும். சொல்லுங்கள்.

மறுமொழி 1

எனக்கு வேர்டில், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு ஊகத்துக்குள் பிடிக்கிற இணைய ஆட்டம். சரியான இடத்தில் விழுந்த எழுத்து பச்சை, விடையில் இல்லாதது சாம்பல். முதல் ஊகம் அபவுட், டி மட்டும் பச்சை. இரண்டாவது லைட்: ஐ, ஜி, எச், டி நான்கும் பச்சை! இனி ஒரு எழுத்துதானே என்று காபி போட எழுந்துவிட்டேன். திரும்பி வந்து நைட் என்றேன், இல்லை. ரைட், இல்லை. ஃபைட், இல்லை. சைட், அதுவும் இல்லை. ஆறு வாய்ப்பும் தீர்ந்தது. விடை எய்ட், அதாவது எட்டு! ஈ, ஐ, ஜி, எச், டி. எதுகை மாதிரி ஓசை பிடித்துக்கொண்டே போனவனுக்கு, வாயில் வேறு மாதிரி ஒலிக்கிற அது தோன்றவே இல்லை.

இப்போது அப்படி மாட்டிக்கொண்டால் மூன்றாவது வரியில் ஃபர்ம்ஸ் என்று போடுகிறேன். விடையாக வராது, தெரியும். ஆனால் எஃப், ஆர், எம், எஸ் நான்கையும் ஒரே போடில் சோதித்துவிடலாம். நான்கும் சாம்பலானால் பாக்கி நைட், டைட், எய்ட்; வாய்ப்பும் மூன்று இருக்கிறது. கிடைத்த பச்சையை அடுத்த ஊகத்திலும் வைத்தே ஆகவேண்டிய ஹார்ட் மோடில் இந்தத் தந்திரம் செல்லாது. இன்னொன்று, அரிய சொல்லைத் தேடி மெனக்கெட வேண்டாம். வேர்டிலை உருவாக்கிய ஜோஷ் வார்டில் அதை 2021-இல் வெளியிடுவதற்கு முன், சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்களில் தனக்குத் தெரிந்தவற்றை அவருடைய வாழ்க்கைத் துணை பிரித்தெடுத்ததில் தேறியவை ஏறத்தாழ 2,500தான்.

மறுமொழி 2

பிரெஞ்சு பேசத் தெரியாத நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தையே வாங்கினார். உச்சரிப்பு என்ற சுமையே இல்லை அவருக்கு. நமக்குத்தான் காது குறுக்கே வருகிறது.

எங்கள் வீட்டில் ஐந்தாவது படிக்கிற மகளுக்குக் கட்டைகளை வரிசையாக வைக்காமல் வட்டமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். வரிசையாக வைத்தால் கண் இடமிருந்து வலமாக ஒரே தடத்தில் ஓடும். வட்டத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியாததால் ஜோடிகள் தானாகக் கண்ணில் படும்.

நேற்று ஈ, ஐ, எல், என், எஸ், டி வந்தது. நான் உடனே சைலன்ட் என்றேன். அவள் வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு இருக்குப்பா, லிசன்" என்றாள்.

"லிசன்ல டி எங்கடா வந்துச்சு?" என்றேன். ஒன்றும் சொல்லாமல் டி கட்டையை எடுத்து எஸ்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.