எபாக்ஸி பூசும் முன் கராஜ் தரையைத் தேய்க்க எந்தக் கருவி எடுப்பது?

கேள்வி:
இரண்டு கார் நிற்கும் கராஜ். பழைய காங்கிரீட் தரை, மெஷின் போட்டு முடித்ததால் கண்ணாடி மாதிரி வழவழப்பு. முன்பு அடித்த பெயின்ட், டயர் நிற்கும் இடங்களில் மட்டும் தோலாக உரிந்துவிட்டது. மற்ற இடத்தில் சுரண்டினாலும் வரவில்லை. என்ஜின் ஆயில் கறையும் உண்டு. இந்த முறை இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பூச நினைக்கிறேன். கையில் நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறது. அதில் டைமண்ட் கப் வீல் (வைரத்துகள் பதித்த கிண்ணம் மாதிரி சக்கரம்) மாட்டினால் போதுமா, தள்ளிக்கொண்டு போகும் தரை கிரைண்டரை வாடகைக்கு எடுக்கணுமா, இல்லை ஆசிட் ஊற்றிக் கழுவினாலே சரியாகிவிடுமா?

பதில் 1:
உங்கள் தரைக்கு ஆசிட் வேண்டாம். ஆசிட் சிமென்ட்டைத்தான் அரிக்கும். பெயின்ட்டும் ஆயிலும் மூடியிருக்கிற இடத்தில் அது சிமென்ட்டைத் தொடவே தொடாது. சோடா மாவு கரைத்த தண்ணீரால் அதன் புளிப்பை முறித்து, பலமுறை அலசி, தரை முழுக்க உலரும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஒன்றுமே பூசாத வெறும் தரை, மெல்லிய பூச்சு என்றால் பரவாயில்லை. அப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது.

டயர் அடியில் உரிந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஓடி வந்த டயரின் சூட்டில் பெயின்ட் இளகுகிறது, டயர் ஆறிச் சுருங்கும்போது அதையும் சேர்த்து இழுக்கிறது. தரையில் பிடிப்பு இல்லாத பூச்சு அங்கேதான் முதலில் போகும்.

பதில் 2:
தரைப் பூச்சு வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தரை கிரைண்டரை வாடகைக்கு எடுங்கள், உங்கள் நாலு இஞ்ச்சை சுவரோரத்துக்கும் மூலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தரையையும் கையில் பிடித்துத் தேய்த்தால் கப் வீல் கொஞ்சம் சாய்ந்தாலும் பிறை பிறையாகப் பள்ளம் விழும். மெல்லிய எபாக்ஸி அதை மறைக்காது, பளபளப்பில் இன்னும் எடுத்துக் காட்டும்.

காங்கிரீட் பரப்பின் சொரசொரப்புக்கு சிஎஸ்பி என்று 1 முதல் 10 வரை ஓர் அளவு உண்டு. உருளையால் உருட்டும் எபாக்ஸிக்குப் பெரும்பாலும் 2 அல்லது 3 போதும்; தடவிப் பார்த்தால் நடுத்தர உப்புத்தாள் போல இருக்கும். ஆனாலும் எபாக்ஸி டப்பாவோடு வரும் குறிப்பில் என்ன கேட்கிறார்களோ அதுதான் கணக்கு. 30 அல்லது 40 கிரிட் டைமண்டில் இது வந்துவிடும்; கிரிட் எண் கூடக் கூட டைமண்ட் துகள் பொடிசாகும். 100க்கு மேலே போனால் தரை மறுபடி வழவழப்பாகிவிடும், அப்புறம் பூச்சு எதைப் பிடிக்கும்?

வாடகைக்கு எடுக்கும்போது பலரும் கேட்காத ஒன்று: டைமண்டைப் பிடித்திருக்கும் உலோகம் மென்மையானதா, கடினமானதா? கெட்டியான காங்கிரீட்டுக்கு மென்மையான உலோகம் வேண்டும்; அது தேயத் தேயத்தான் புது டைமண்ட் வெளியே வரும். பொடியாக உதிரும் தரைக்குக் கடினமான உலோகம், இல்லையென்றால் சீக்கிரம் தேய்ந்துபோகும். உங்கள் தரை மெஷின் போட்டு இறுகியது என்பதால் மென்மையானதில் ஆரம்பியுங்கள். பெயின்ட் தடிமனாக இருந்தால் சூட்டில் உருகி டைமண்டில் அப்பிக்கொள்ளும். அதற்குப் பிசிடி என்கிற சுரண்டும் பல்லைப் போட்டு முதலில் பெயின்ட்டை எடுத்துவிட்டு, பிறகு டைமண்டுக்கு மாறுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. தூசிக்கு வீட்டில் இருக்கும் வேக்கும் க்ளீனர் போதுமா? ஆயில் கறையும் தேய்க்கும்போதே போய்விடுமா?

பதில் 2:
இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். காங்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. வீட்டு வேக்கும் அந்த நுண்தூசியைப் பின்பக்கமாகத் திரும்ப ஊதிவிடும். கிரைண்டருக்குத் தூசி மூடி, அதோடு நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்கும் இரண்டும் சேர்த்து வாடகைக்கு எடுங்கள். அதற்கு மேல் முகத்தில் குறைந்தது என்95. பி100 வடிகட்டி போட்ட அரைமுக மாஸ்க் இன்னும் நல்லது. கண்ணாடி, காதடைப்பானும் வேண்டும்.

ஆயிலை முதலிலேயே டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம்) போட்டுத் தேய்த்து எடுங்கள், தேவைப்பட்டால் மறுபடியும். தேய்த்து முடித்த பிறகு அந்த இடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உறிஞ்சினால் சரி. முத்து முத்தாக நின்றால் ஆயில் இன்னும் உள்ளே இருக்கிறது, அதன்மேல் பூசாதீர்கள்.

பதில் 3:
கருவிக்குப் பணம் கட்டும் முன் தரையடியில் ஈரம் ஏறுகிறதா என்று பாருங்கள். பெயின்ட் இல்லாத இடத்தில் 18 இஞ்ச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ காங்கிரீட் கறுத்திருந்தாலோ எந்த கிரைண்டரும் உதவாது. ஈரத்தை அளந்து, அதைத் தாங்கும் பிரைமரை (எபாக்ஸிக்கு முன் போடும் அடிப்பூச்சை) பற்றி யோசிக்க வேண்டும். காய்ந்திருந்தால் மட்டும் ஈரமே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம், சந்தேகம் இருந்தால் கருவி வைத்தே அளந்துவிடுங்கள்.

கேட்டவர்:
இன்று ராத்திரியே தாள் ஒட்டுகிறேன். விரிசல் இரண்டு இருக்கிறது, அதை எப்போது அடைப்பது?

பதில் 2:
முதல் சுற்றுத் தேய்த்த பிறகு. விரிசலைக் கொஞ்சம் அகலப்படுத்தி, தூசியை உறிஞ்சி, விரிசல் அடைக்கும் எபாக்ஸியை ஊற்றுங்கள். இறுகியதும் தரையோடு மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். கப் வீல் வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சுழற்சி வேகம் உங்கள் கிரைண்டரின் வேகத்தைவிடக் குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். குறைவாக இருந்தால் மாட்டவே மாட்டாதீர்கள்.