மறு: கீப்புவுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்,

கீப்புன்னா தென்னமெரிக்காவுல பெரு பக்கம் ஆண்ட இன்காக்கள் கயித்துல முடிச்சு போட்டு பதிவு வச்ச முறை. அதுக்கு முடிச்செழுத்துன்னு பேர் வைக்கலாம்னு போன மடல்ல வந்திருந்துச்சு, கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எழுத்துன்னு பேர் வச்சிட்டா அது எழுத்தா இல்லையான்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சிக்கிட்டிருக்குற ஒரு வழக்குல நாமளே தீர்ப்பு எழுதுன மாதிரி ஆயிடும். குவிப்புங்கிற பேரு வேணவே வேணாம், அது ஸ்பானிஷ் எழுத்துக்கூட்டலைப் பாத்து தப்பா படிக்கிறது, இன்காக்களோட கெச்சுவா மொழில கீப்புதான், அர்த்தமே முடிச்சு.

கணக்குக்கயிறுங்கிற பேருக்கு எனக்கும் மொதல்ல ஆசை இருந்துச்சு. இன்கா ஆட்சிக்காரங்க தலைநகர் குஸ்கோவுல உக்காந்துக்கிட்டு எந்த ஊர்ல எத்தன பேரு, யாரு மித்தா வேலைக்கு (காசு வரி கிடையாது, உழைப்புதான் வரி) வரணும், கிடங்குல மக்காச்சோளம் எவ்ளோன்னு பாத்தது இத வச்சுத்தான். லேலண்ட் லாக்ங்கிற ஆய்வாளர் 1912லயே எண்கள வாசிச்சுக் காட்டிட்டாரு, பத்தடிமானம், இழையோட கீழ்நுனில ஒன்னு, மேல போகப்போக பத்து, நூறு, ஆயிரம். பத்துக்கும் நூறுக்கும் சாதா முடிச்சுங்க, ஒன்னாம் இடத்துல 2லருந்து 9 வரைக்கும் அத்தன சுத்து போட்ட நீள முடிச்சு, 1க்கு மட்டும் எட்டு வடிவ முடிச்சு ஏன்னா ஒரே சுத்து சுத்துனா அது சாதா முடிச்சாயிடும்ல. பூஜ்யம்னா அந்த எடம் காலி. எவ்ளோ யோசிச்சிருக்கானுங்க பாருங்க.

ஆனா எல்லா கீப்புவும் இப்படி கணக்கா படியல. பெருவுல சான் ஹுவான் தே கொயாட்டா ஊர்க்காரங்க பாதுகாத்து வச்சிருந்த ரெண்ட மானிடவியலாளர் சபீன் ஹைலண்ட் பாத்துட்டு 2017ல எழுதுனாங்க, நிறம், எந்த மிருகத்தோட முடி, எந்தப் பக்கம் முறுக்குனதுன்னு சேத்துப் பாத்தா 95 விதம் வருதாம், ஊர்ல அத கடிதம்னே சொல்றாங்க. அது ஸ்பெயின்காரன் வந்தப்புறம் 18ஆம் நூற்றாண்டுல செஞ்சது, இன்கா காலத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாதுதான், இருந்தாலும் கணக்குன்னு பேர்லயே பூட்டு போட்டுட்டா இதெல்லாம் எங்க வைக்கிறது?

அதனால என்னோட முன்மொழிவு பதிகயிறு, ஊறுகாய் மாதிரி வினைத்தொகை. எண்ணா சேதியான்னு எதுவும் சொல்லாது. மத்ததெல்லாம் தாய்க்கயிறு (மேல இருக்குற முக்கியக் கயிறு), தொங்கிழை (அதுலருந்து தொங்குறது), கிளையிழை (தொங்கிழைல கட்டுனது). சிலதுல மேல்பக்கமா கட்டுன இழைல கீழ தொங்குறதோட கூட்டுத்தொகை இருக்கும், அது கூட்டிழை. கீப்புவ செஞ்சு வாசிச்சவங்களான கீப்புகமாயோக்குக்கு பதிகயிற்றாளர், கணக்குப்பிள்ளைன்னு வைக்கத்தான் கை துறுதுறுங்குது.

கிளையிழைக்கு மட்டும் மனசு ஒப்பல, நெசவுல வேற பேரு பொழங்குதுன்னா சொல்லுங்க.