குழந்தை டாக்டர் வின்னிகாட் ஓபியை விட்டுவிட்டுத்தான் உளப்பகுப்பாய்வுக்குப் போனாரா?

வெட்டாற்றங்கரையான்:
வணக்கம். தஞ்சாவூரில் குழந்தை மருத்துவ மேற்படிப்பு, இரண்டாம் வருடம். ஓபியில் சில குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டு எழுதும்போதே, விஷயம் வேறெங்கோ இருக்கிறது என்று தோன்றுகிறது. போன வாரம் ஒரு மூன்று வயதுப் பையன் வந்தான். ஸ்கேன் எடுத்தாயிற்று, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று, வயிற்று வலி மட்டும் போகவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பும்போதுதான், "அவங்கப்பா சிங்கப்பூர் போனதிலேருந்து இப்படித்தான்" என்றார் கூட வந்த அப்பாயி. அதைக் கேஸ் ஷீட்டில் எங்கே எழுதுவது?

சீனியர் ஒருவர் டொனால்ட் வின்னிகாட் பெயரைச் சொன்னார். குழந்தை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வாளர், அதாவது பேசவைத்து மனதின் ஆழத்தில் இருப்பதை ஆராய்ந்து சிகிச்சை செய்பவர், ஆனவராம். நம் தொழிலை விட்டுவிட்டுத்தான் அங்கே போனாரா? அவர் வாழ்க்கை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னார்குடி பழைய டாக்டர்:
விடவில்லை தம்பி. அவரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். 1923இல் லண்டன் பாடிங்டன் கிரீன் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தவர், நாற்பது வருடம் அங்கேயே குழந்தை பார்த்தார். அதே 1923இல்தான் ஜேம்ஸ் ஸ்ட்ராச்சியிடம் உளப்பகுப்பாய்வுக்குத் தானே போய் உட்கார்ந்தார். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த பிராய்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த அதே ஸ்ட்ராச்சி. அது பத்து வருடம் நடந்தது. பின்னாளில் இரண்டு முறை பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

பிறந்தது 1896, பிளிமத். அப்பா வியாபாரி, ஊர் மேயராகவும் இருந்தவர். இரண்டு அக்காவுக்குப் பிறகு கடைக்குட்டி. கேம்பிரிட்ஜில் படித்தது முதல் உலகப்போர்க் காலத்தில், நடுவில் ஒரு போர்க்கப்பலில் மருத்துவ வேலை பார்த்தார். 1920இல் டாக்டர் ஆனார். அதற்கு முந்தின வருடமே உளப்பகுப்பாய்வு என்றால் என்னவென்று எளிமையாக விளக்கி அக்காவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த எளிமை கடைசிவரை போகவில்லை. 1940களில் பிபிசி வானொலியில் தாய்மார்களிடம் பேசியபோதும், இப்படிச் செய், அப்படிச் செய் என்று உத்தரவு போடவில்லை. சாதாரணத் தாய் தன் குழந்தையிடம் இயல்பாகச் செய்வதே போதும், நாம் நடுவில் புகுந்து கெடுக்காமல் இருந்தால் சரி என்பதுதான் அவர் பேச்சு.

நீங்கள் படிக்க வேண்டியது 1941இல் வந்த ஒரு கட்டுரை. அவருடைய ஓபி அறை பெரியது, வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார். கதவிலிருந்து மேசைவரை அம்மா குழந்தையோடு நடந்து வருவதற்குள் அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். அம்மா உட்கார்ந்ததும், மடியில் இருக்கும் குழந்தைக்கு எட்டும்படி, மேசை ஓரத்தில் நாக்கை அழுத்திப் பார்க்கும் பளபளப்பான உலோகத் தகடு ஒன்று இருக்கும். கைக்குழந்தை, ஐந்து மாதத்திலிருந்து ஒரு வயது வரை. முதலில் கையை நீட்டும். அப்புறம் அப்படியே நின்றுவிடும். டாக்டர் முகத்தைப் பார்க்கும், அம்மா முகத்தைப் பார்க்கும். யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. கொஞ்சம் பொறுத்தால் குழந்தையின் வாயில் எச்சில் ஊறும், தகட்டை எடுத்து வாயில் வைக்கும், மேசையில் தட்டும், அம்மாவுக்கு ஊட்டவும் பார்க்கும். கடைசியில் கீழே போட்டு விளையாடும். இளைப்பு வந்த ஏழு மாதக் குழந்தை ஒன்றுக்கு, அந்தத் தயங்கும் நேரத்தில் அவர் கண் முன்னாலேயே மூச்சு இழுக்க ஆரம்பித்தது. குழந்தை தைரியமாகத் தகட்டை எடுத்துக்கொண்டதும் அது நின்றது. இதை அவர் பார்த்தது ஓபி நாற்காலியில் உட்கார்ந்துதான்.

நான் எவர்சில்வர் ஸ்பூனை வைத்துப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் அந்தத் தயக்கம் முடியும்வரை பெரியவர்கள் காத்திருப்பதில்லை. குழந்தை கையை நீட்டுவதற்குள் பாட்டி பிடித்து இழுத்துவிடுவார். "தொடாதே, டாக்டர் ஊசி போட்டுடுவாரு" என்பார் அம்மா. சில வீடுகளில் ஸ்பூனை எடுத்துக் குழந்தை கையில் திணித்துவிடுவார்கள். யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாலே அந்த வீட்டில் குழந்தைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பிடிபடும். உங்கள் பையனுடைய அப்பாயி கிளம்பும்போது சொன்னதும் இந்த மாதிரிதான். அதற்குக் கட்டம் தேடாதீர்கள், ஷீட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

இன்னொன்று. 1939 டிசம்பரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் குழந்தைகளை ஊர் ஊராக அனுப்பியபோது, இரண்டிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தாயைவிட்டுப் பிரிப்பதில் பெரிய ஆபத்து இருக்கிறது என்று மனநல மருத்துவர்கள் பௌல்பி, மில்லர் ஆகியோரோடு சேர்ந்து மருத்துவ இதழுக்கு எழுதினார். அப்புறம் ஆக்ஸ்போர்டுஷயரில் அப்படி வந்து அடங்காமல் போன பிள்ளைகளின் விடுதிகளுக்குப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சமூகப் பணியாளராக இருந்த கிளேர் பிரிட்டனைத்தான் 1951இல் இரண்டாவதாக மணந்தார். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முகாம்களில் வேலை பார்த்தேன். தாய் உயிரோடு இருக்கிற சின்னப் பிள்ளையைக்கூடப் படிப்பு வசதி என்று தூரத்து விடுதிக்கு அனுப்பச் சிலர் பேசினார்கள். அந்தக் கடிதம்தான் எனக்குத் துணை. ஒவ்வொரு வீட்டாரிடமும் உட்கார்ந்து, வேண்டாம் என்று பேசினேன்.

கோட்டூர் அப்பாயி:
டாக்டர் ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். என் பேரன் தூளி கட்டின பழைய நூல் புடவையில் ஒரு கிழிசலை வைத்துக்கொண்டுதான் தூங்குவான். மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டே கட்டை விரலைச் சூப்புவான். நாற்றம் தாங்காமல் சோப்புப் போட்டு அலசினேன், ராத்திரி பூரா அழுகை. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அதற்குள் ஒளித்து வைத்துவிடச் சொல்கிறாள் மருமகள்.

மன்னார்குடி பழைய டாக்டர்:
ஒளிக்காதீர்கள் அம்மா. வின்னிகாட் 1951இல் சங்கத்தில் வாசித்த கட்டுரை முழுக்க இந்தத் துணியைப் பற்றித்தான். குழந்தைக்கு அது அம்மாவும் இல்லை, வெறும் துணியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவனே உண்டாக்கிக்கொண்ட ஒன்று. துவைத்தால் அவனுக்கு அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும் என்றும் அதில் எழுதியிருக்கிறார். இதை யாரும் பிடுங்க வேண்டியதில்லை, மெல்ல மெல்ல அவனுக்கே தேவைப்படாமல் போகும். பள்ளிக்கூடப் பையில் ஒரு துண்டு இருந்துவிட்டுப் போகட்டும். மருமகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வெட்டாற்றங்கரையான்:
நன்றி டாக்டர். ஒரே ஒரு கேள்வி. உளப்பகுப்பாய்வு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வர வேண்டும் என்கிறார்கள். வேதாரண்யத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது?

மன்னார்குடி பழைய டாக்டர்:
சொல்ல வேண்டாம். கடைசிக் காலத்தில், 1964 முதல் 1966 வரை, லண்டனுக்கு வெளியே இருந்து வந்த ஒரு சின்னப் பெண்ணை அவர் பதினாறே முறைதான் பார்த்தார். ஆரம்பிக்கும்போது அவளுக்கு இரண்டரை வயதுகூட இல்லை. அவள் கேட்கும்போது மட்டும் சந்திப்பு, நடுவில் பெற்றோர் கடிதம் எழுதுவார்கள். இன்றைக்குக் கடிதத்துக்குப் பதில் போன் இருக்கிறது. அந்த வயிற்று வலிப் பையனை ஓபி கூட்டம் குறைந்த பிறகு, மதியத்துக்கு மேல் வரச் சொல்லுங்கள். அப்பாயியும் வரட்டும். அப்பா வீடியோ காலில் வந்தால் பையன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். பென்சிலும் தாளும் மேசையில் இருக்கட்டும்.