டிட்ச் பள்ளமா, கரையா?

கூடலூர்க்காரன்:
பக்கத்துத் தோட்ட எல்லையில் யானை அகழியை மறுபடி ஆழப்படுத்துகிறார்கள். வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் மகள் கேட்டாள், "இது ட்ரெஞ்சா, டிட்ச்சா?" இரண்டும்தான் என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் டிட்ச்சும் (ditch) டைக்கும் (dike) ஒரே சொல் என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். டியூஷன் சார் தப்பு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பந்தலூர்த் துளிர்:
நான் டியூஷன் சார் பக்கம். டிட்ச் என்றால் பள்ளம். டைக் என்பது ஹாலந்தில் கடலைத் தடுக்கப் போடுகிற கரை. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஒரே சொல்லா? நாளைக்குக் கிணறும் தொட்டபெட்டா மலையும் ஒன்று என்பீர்கள்.

கூடலூர்க்காரன்:
அண்ணே, அகழி வெட்டுகிற இடத்துக்கு ஒரு நடை வாருங்கள். தோண்டிய மண்ணை யார் சுமந்துகொண்டு போகிறார்கள்? ஓரத்திலேயே மேடாகக் கொட்டுகிறார்கள். ஒரே வேலையில் பள்ளமும் வருகிறது, கரையும் வருகிறது. வேல்ஸ் எல்லையில் 8ஆம் நூற்றாண்டு ஆஃபா மன்னன் பெயரில் ஒரு டைக் இருக்கிறதே, அதுவும் நீளமான மண்மேடு, அதை ஒட்டியே பள்ளம். ஜெர்மன்காரர்களிடம் இதே சொல்லின் ஒரு வடிவம் கரை, இன்னொரு வடிவம் குளம்!

பந்தலூர்த் துளிர்:
பொருளை விடுங்கள். ஒன்று 'ச்'சில் முடிகிறது, மற்றது 'க்'கில். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கூடலூர்க்காரன்:
கூடலூர் தாலுக்காவில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? முதுமலை தாண்டிக் குண்டல்பேட்டையில் இறங்கினால் காதுக்குக் கன்னடத்தில் 'கிவி'. நமக்குச் செவி. சிவப்புக்கு அங்கே கெம்பு, இங்கே செம்மை. இகர எகரத்தின் பக்கத்தில் நின்ற ககரம் நம்மிடம் சகரமானது, அவர்களிடம் அப்படியே நின்றது. இங்கிலாந்திலும் இதே கதைதான். தெற்கே சர்ச், ஸ்காட்லாந்தில் கிர்க். தெற்கே டிட்ச், வடக்கே டைக்.

குன்னூர் ரயிலடி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கிவி-செவி அருமை, ஆனால் அது பாதிக் கதை. வடக்கே 'க்' நின்றதில், அங்கே வந்து குடியேறிய வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் பேச்சுக்கும் பங்கு உண்டு. கரை என்ற பொருள் பிற்பாடு வலுத்ததற்கு டச்சுக்காரர்களின் சொல்லும் உதவியிருக்கும். வேர் ஒன்று, சரி. அண்ணன் தம்பி என்று சொல்லுங்கள், ஒரே ஆள் என்று சொல்லாதீர்கள். அப்புறம், தோண்டுவதற்கான 'டிக்'கை (dig) இவற்றுக்குத் தாயாக்கிவிட வேண்டாம், அது பின்னால் வந்த சொல். அதற்கு முன் அவர்கள் தோண்டியதெல்லாம் 'டெல்வ்'. ட்ரெஞ்ச் இந்தக் குடும்பமே இல்லை, பிரெஞ்சில் வெட்டு என்று பொருள்.

பந்தலூர்த் துளிர்:
ரயிலடி சார் சொல்வது நியாயம். சரி, "அவன் என்னை டிட்ச் பண்ணிட்டான்" என்கிறார்களே பிள்ளைகள், அது?

குன்னூர் ரயிலடி:
பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போவது. நம் பேச்சில் கழற்றிவிட்டான். 2009இல் நியூயார்க் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கினார்களே, தண்ணீரில் அப்படி இறக்குவதும் டிட்ச்தான். சொல் இடம் மாறுவது நமக்கும் புதிதில்லை. கிடங்கு என்றால் பழந்தமிழில் கோட்டை அகழி, இன்று நெல் மூட்டை அடுக்குகிற இடம்.

கூடலூர்க்காரன்:
காலைச் செய்தி. ராத்திரி யானை வந்து, குவித்திருந்த கரையைக் காலால் உதைத்துப் பள்ளத்தில் தள்ளி, மேலே நடந்து போயிருக்கிறது. டிட்ச்சும் டைக்கும் இப்போது ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

பந்தலூர்த் துளிர்:
யானை சாட்சி செல்லாது. அண்ணன் தம்பி வரைக்கும்தான் ஒப்புக்கொள்வேன்.