ஃபீல்டு கோல்: தமிழில் என்ன? சனிக்கிழமைக்குள் வேண்டும்

சின்சினாட்டி ஆசிரியை, திங்கள், 24 ஜனவரி 2022

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளியில் நான்காம் நிலைப் பிள்ளைகள் பதினொரு பேர் "நான் பார்த்த ஆட்டம்" என்று அரைப்பக்கக் கட்டுரை எழுத வேண்டும். எந்த ஆட்டம் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. முந்தாநாள் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பெங்கால்ஸ் நாஷ்வில்லுக்குப் போய் டென்னசி டைட்டன்ஸை 19-16 என்று வென்றது. அதிலிருந்து பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. ஒரு பையன் பொறுக்காமல் நேற்றே எழுதி அனுப்பிவிட்டான். முதல் வரி இது: "மெக்பெர்சன் கடைசியில் 52 முற்றம் வயல் இலக்கு அடித்தார்."

யார்டுக்கு அவன் போட்ட முற்றத்தை அவனுடைய பாட்டியே கெஜம் என்று திருத்திவிட்டார். ஃபீல்டு கோலுக்குப் போட்ட வயல் இலக்கை என்ன செய்வது? அவனைக் குறை சொல்ல மாட்டேன், அகராதியைப் பார்த்து நேர்மையாக எழுதியிருக்கிறான்.

எனக்கு ஒரே ஒரு சொல் போதும். அதோடு "அடித்தார்", "தவறவிட்டார்", "தடுத்துவிட்டார்கள்" மூன்றும் ஒட்ட வேண்டும். இந்த வாரம் மூன்றுமே நடந்தன. பத்து வயதுப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாகவும் இருக்கட்டும்.

எருமைநகரான், திங்கள், 24 ஜனவரி

அக்கா, துக்க வீட்டில் வந்து சொல்லாக்கம் கேட்கிறீர்கள். பஃபலோக்காரன் நேற்று இரவு எங்கள் அணி தோற்றதிலிருந்து தூங்கவில்லை.

ஆட்டம் பார்க்காத ஐயாமார்களுக்காகப் பொருளை மட்டும் சொல்கிறேன். கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் ஆறு புள்ளி, அது டச் டவுன். முடியாது என்று தோன்றினால் நின்ற இடத்திலிருந்தே உதைக்கலாம். ஒருவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எறிவார், இன்னொருவர் பிடித்துத் தரையில் நிறுத்துவார், மூன்றாமவர் ஓடிவந்து உதைப்பார். பத்தடி உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி, அதன் இரு முனையிலும் இரண்டு நெட்டைக் கம்பிகள். பந்து குறுக்குக் கம்பிக்கு மேலே, இரண்டுக்கும் நடுவே போனால் மூன்று புள்ளி. நடு இடைவெளி பதினெட்டரை அடிதான்.

அந்த மூன்று புள்ளிதான் இந்த வார இறுதியையே ஆண்டது. நாஷ்வில்லில் மெக்பெர்சன், 52 கெஜம். கிரீன் பேயில் பனி கொட்டக் கொட்டச் சான் பிரான்சிஸ்கோவின் கோல்ட், 45 கெஜம், 13-10. தாம்பாவில் லாஸ் ஏஞ்சலிஸின் கே, 30 கெஜம், 30-27. மூன்றும் ஆட்டத்தின் கடைசி உதை. மூன்றிலும் வீட்டுக்காரர் தோற்றார், விருந்தாளி வென்றார். இதில் கே என்பவர் தாம்பா அணி 2020இல் வேண்டாம் என்று அனுப்பிவிட்டவர். கதை எழுதினால் நம்ப மாட்டார்கள்.

என் கருத்தைக் கேட்டால், சனிக்கிழமை ஆட்டங்கள் இரண்டும் நன்றாக ஆடப்பட்டவை அல்ல. சின்சினாட்டியின் பந்தெறிவாளர் பரோவை ஒன்பது முறை சாய்த்தும் டென்னசி தோற்றது. கிரீன் பே உதைப்பதற்கென்று ஒரு படை வைத்திருந்தது என்பதே அன்றுதான் எனக்குச் சந்தேகமாயிற்று. முதல் பாதி முடிவில் சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் அவர்களுடைய ஃபீல்டு கோலைத் தடுத்தார்கள். நான்காம் கால் பகுதியில், பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் நெடு உதையையும் தடுத்து அதையே டச் டவுனாக்கினார்கள். கடைசி உதையின்போது கிரீன் பேக்குக் களத்தில் பதினொருவருக்குப் பதில் பத்துப் பேர் நின்றார்கள்! ஞாயிறு ஆட்டங்கள்தான் ஆட்டங்கள். எங்கள் ஆட்டத்தைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். இன்று முடியாது.

மதுரைப் புலவர், செவ்வாய், 25 ஜனவரி

அம்மையீர், கவலற்க. சொல் நம்மிடமே உள்ளது: களக்கோல்.

கோல் அயற்சொல் என்று மயங்க வேண்டா. செங்கோல், எழுதுகோல், துலாக்கோல், அளவுகோல் யாவற்றிலும் உள்ள நம் கோலே அது. நட்ட கோல்களுக்கிடையே பந்தைப் புகுத்தும் ஆட்டம் ஆதலின் கோல் எனப்பட்டு, மேற்கே சென்று உருத்திரிந்து மீண்டது. நண்பர் வருணித்த கம்பங்களே சான்று. கம்பத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த அறுபதினாயிரவரும் கோல்நோக்கி வாழும் குடி அன்றோ?

விளையாட்டுப் பக்கத்தார், சென்னை, செவ்வாய், 25 ஜனவரி

ஐயா, குடி என்னவோ சரி. வேர்தான் உதைக்கிறது. ஆங்கிலச் சொல்லின் பிறப்பு தெளிவாக இல்லை என்று அவர்கள் அகராதிகளே சொல்கின்றன. தெளிவில்லாத இடத்திலெல்லாம் நம் கொடியை நட்டுவிட முடியாது.

களக்கோலில் வேறு சிக்கலும் இருக்கிறது. கூடைப்பந்திலும் ஃபீல்டு கோல் உண்டு. தண்ட எறிதல் தவிர்த்த எல்லாக் கூடைகளும் அதில் அடங்கும். களம் என்று சொன்னதால் பையனுக்கு என்ன விளங்கப்போகிறது? வயல் களமாயிற்று, அவ்வளவுதான். நாங்கள் பத்திரிகையில் பிளே ஆஃப் என்றே போடுகிறோம், ஒருவரும் கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தவில்லை. ஃபீல்டு கோல் என்றே எழுதட்டும்.

மதுரைப் புலவர், செவ்வாய், 25 ஜனவரி

எழுதட்டும். ஆனால் எப்படி எழுதுவது? ஆய்தம் குற்றெழுத்துக்கும் வல்லின உயிர்மெய்க்கும் நடுவில் வருவது. அஃது, எஃகு. மொழிமுதலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியது யார்? வடவெழுத்து ஒரீஇ என்று வழி சொல்லிப் போயிருக்கிறார்கள். அயலோசையை விலக்கி எழுதினால் "பீல்டு கோல்". அதைப் படித்துவிட்டு உங்கள் வாசகர் என்ன சொல்வார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

டொரொன்டோ பெரியவர், செவ்வாய், 25 ஜனவரி

பிள்ளை, நாங்கள் யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் என்றுதான் சொல்லுவோம். கால்பந்து என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தெரியும். கால் சும்மாவும் இருக்கும், உதைத்தால்தானே ஆட்டம். அமெரிக்கர்களின் ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது. உண்மையாக உதைக்கிற இடங்கள் சிலவே, அவற்றுள் இது தலையானது. ஆகவே உதை என்ற சொல் உள்ளே வரவேண்டும். உதைப்புள்ளி என்று வைத்தால் என்ன?

கெஜம் பற்றியும் ஒரு சொல். எங்கள் கடைகளில் யார் என்றுதான் துணி கிழிப்பார்கள். "52 யார்" என்று பிள்ளைகள் எழுதினால் அத்தனை பேரும் யார் என்று கேள்வி வரும், ஆதலால் கெஜமே இருக்கட்டும்.

எருமைநகர்த் தம்பிக்கு என் அனுதாபம். எங்களுக்கு அந்த ஊர் இரண்டு மணித்தியாலத் தூரம், என் பேரனும் அந்த அணிதான். ஞாயிறு இரவு சாப்பிடாமலே படுத்துவிட்டான்.

கரிசல்காட்டான், புதன், 26 ஜனவரி

எல்லோரும் உதையையும் களத்தையும் பார்க்கிறீர்கள். அந்தக் கம்பத்தை யாராவது பார்த்தீர்களா? படம் தேடிப் பார்த்தேன். கீழே ஒற்றைக் கால், மேலே இரண்டாகப் பிரிகிறது. 1967 முதல் அங்கே அந்த வடிவம்தானாம். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் கவை. வேலிக்கு முள் தள்ளுகிறவர் கையில் இருப்பது கவைக்கோல். பையன்கள் குருவி அடிக்க வெட்டுவது கவட்டை, அதையே உண்டிகோல் என்றும் சொல்வார்கள். உண்டை என்றால் உருண்டை. உருண்டையை எய்யும் கோல்! பந்தும் கோலும் ஒரே சொல்லில் நூற்றாண்டுக் கணக்காகச் சேர்ந்திருக்கின்றன, நீங்கள் சென்னையிலும் மதுரையிலும் தேடுகிறீர்கள்.

முல்லைப்பாட்டில் யானைப்பாகன் கையில் கவைமுட் கருவி வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுச் சொல். என் பரிந்துரை: கம்பத்துக்குக் கவைக்கோல், அடிப்பதற்குக் கவையடி. "மெக்பெர்சன் 52 கெஜத்திலிருந்து கவையடித்தார்." காதில் எப்படி விழுகிறது பாருங்கள்.

விளையாட்டுப் பக்கத்தார், புதன், 26 ஜனவரி

கவைக்குதவாத பேச்சு என்று காதில் விழுகிறது.

கரிசல்காட்டான், புதன், 26 ஜனவரி

அந்தத் தொடரின் பொருள் தெரிந்துதான் சொல்கிறீர்களா? முள் தள்ளும் கவைக்குக்கூட ஆகாத மரம் என்பது அதன் மூலம். ஆக, கவை என்பதே பயனுக்கு அளவுகோல். நீங்கள் திட்டியதாக நினைத்து எனக்கு வாக்களித்துவிட்டீர்கள்.

எருமைநகரான், புதன், 26 ஜனவரி

இன்று எழுதும் நிலைக்கு வந்துவிட்டேன்.

கான்சாஸ் சிட்டியோடு எங்கள் ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு அணிகளும் சேர்த்து 25 புள்ளி. எங்கள் கேப்ரியல் டேவிஸ் நான்கு டச் டவுன் பிடித்தார், வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தில் அதுவரை எவரும் செய்யாதது. 36-33 என்று முன்னிலை, மீதி 13 நொடி. பதின்மூன்று! அப்போது எங்கள் ஆள் பந்தை எல்லைக்கு அப்பால் உதைத்துவிட்டார், ஒரு நொடிகூடக் கரையவில்லை. தரையோடு உருட்டி உதைத்திருந்தால் நாலைந்து நொடியாவது போயிருக்கும். இதை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பேன். அவர்களுடைய பந்தெறிவாளர் மஹோம்ஸ் இரண்டே எறிதலில் 44 கெஜம் கடந்தார். அவர்களுடைய பட்கர் 49 கெஜத்திலிருந்து உதைத்துச் சமன் செய்தார். மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன மூன்று புள்ளி.

பிறகு கூடுதல் நேரத்துக்குப் பூவா தலையா. எங்கள் பந்தெறிவாளர் ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. கான்சாஸ் சிட்டி பந்தை எடுத்தது, டச் டவுன் அடித்தது, 42-36, விதிப்படி அந்த முதல் டச் டவுனோடே ஆட்டம் முடிந்தது. அன்று உலகிலேயே மிக நன்றாக ஆடிய இருவரில் ஒருவருக்குக் கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடவே வாய்ப்பில்லை. 2019 ஜனவரியில் இதே விதியால் நியூ இங்கிலாந்திடம் தோற்றபோது, விதியை மாற்றச் சொல்லி மனுப் போட்டது இதே கான்சாஸ் சிட்டிதான்! அப்போது யாரும் கேட்கவில்லை.

இந்த விதிக்கும் ஒரு கலைச்சொல் கேட்காதீர்கள். அநியாயம் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது.

கவையடி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் மகளிடம் சொன்னேன், யாரோ அடி வாங்கினார்கள் என்று புரிந்துகொண்டாள்.

சின்சினாட்டி ஆசிரியை, வியாழன், 27 ஜனவரி

நாளை இரவு பயிற்சித்தாளை அச்சடித்தாக வேண்டும். பெரியவரின் உதையையும் புலவர் ஐயாவின் கோலையும் சேர்த்து "உதைகோல்" என்று வைத்துக்கொள்ளலாமா? பிள்ளைகளுக்குக் கோல் ஏற்கெனவே தெரியும்.

மதுரைப் புலவர், வியாழன், 27 ஜனவரி

ஒற்று மிகாவிட்டால் வினைத்தொகை. எழுதுகோல், ஊன்றுகோல் போல. உதைத்த கோல், உதைக்கின்ற கோல், உதைக்கும் கோல். பந்தை விட்டுவிட்டுக் கம்பம் காலைத் தூக்கி உதைக்கும்.

அதனினும் பெரிய இடர் ஒன்று. கொத்தனாரிடம் கேளுங்கள்: சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பது உதைகால். உதை என்பதற்குத் தாங்குதல் என்ற பொருளும் உண்டு. உதைகோல் என்றால் முட்டுக்கட்டை. வெல்லும் உதைக்கு முட்டுக்கட்டை என்று பெயரா?

க் போடுங்கள். உதைக்கோல். உதையால் பெற்ற கோல், மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. களக்கோலை நான் கைவிடவில்லை. பிள்ளைகளின் பொருட்டு விட்டுக்கொடுக்கிறேன்.

விளையாட்டுப் பக்கத்தார், வியாழன், 27 ஜனவரி

டச் டவுனுக்குப் பிறகு ஒரு புள்ளிக்காக உதைப்பதும் அதே கம்பம், அதே உதை. அதுவும் உதைக்கோல்தானே? இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

டொரொன்டோ பெரியவர், வியாழன், 27 ஜனவரி

அது ஒற்றை உதை. இது உதைக்கோல். பேரனிடம் சொல்லிப் பார்த்தேன், உடனே பிடித்துக்கொண்டான். உதைப்புள்ளியை நான் மீளப் பெறுகிறேன். எனக்கு நித்திரை வருகிறது.

சின்சினாட்டி ஆசிரியை, வெள்ளி, 28 ஜனவரி

தனிமடல்களையும் சேர்த்து எண்ணினேன். உதைக்கோல் ஐந்து, ஃபீல்டு கோல் மூன்று, கவையடி ஒன்று. அந்த ஒன்று மூன்று மடல்களாக வந்தது. உதைக்கோல் என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

சின்சினாட்டி ஆசிரியை, திங்கள், 31 ஜனவரி

நேற்றைய ஆட்டத்தை எருமைநகர்த் தம்பி பார்த்திருப்பார். கான்சாஸ் சிட்டியில், கூடுதல் நேரத்தில், மெக்பெர்சன் 31 கெஜம், எங்களுக்கு 27-24. தெருவில் இன்னும் வெடிச் சத்தம் கேட்கிறது.

வகுப்பு முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் உதைக்கோல் என்று எழுதினார்கள், அதில் நால்வர் க் போடவில்லை. மூவர் ஃபீல்டு கோல். ஒரு பெண் "மூன்று போட்டார்" என்று எழுதி முடித்துவிட்டாள், திருத்த எனக்கு மனம் வரவில்லை. முதல் பையன் வயல் இலக்கை மாற்ற மறுத்துவிட்டான். தானாகக் கண்டுபிடித்த சொல்லாம்.

எருமைநகரான், திங்கள், 31 ஜனவரி

பார்த்தேன். இந்த முறையும் பூவா தலையாவில் கான்சாஸ் சிட்டிதான் வென்றது. பந்தையும் முதலில் எடுத்தது. தோற்றது. ஒரு வாரத்துக்குப் பிறகு நேற்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன், அக்கா.

கரிசல்காட்டான், திங்கள், 31 ஜனவரி

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். அந்த மஞ்சள் கம்பத்துக்கு மட்டும் இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை என்பதைக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.